தாளம் ஏன் தடுமாறுகிறது? மொபைல் ஆடியோ ஆப் உருவாக்க சரியான கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கே.கே. நகரின் உள் தெருக்களில் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்தால், ஏதாவது ஒரு மாடி வீட்டிலிருந்து சரளி வரிசை காதில் விழும். ஒரு காலத்தில் அப்படிப்பட்ட வகுப்பின் நடுவில் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஒன்று இருக்கும். இப்போது அந்த இடத்தைப் பிடித்திருப்பது செல்போன். சுருதிக்கு ஒரு ஆப், தாளத்துக்கு ஒரு ஆப், வீட்டில் பாடிப் பழகியதை டீச்சருக்கு அனுப்ப வாட்ஸ்அப்.

வகுப்புக்குக் குழந்தையை அழைத்துவரும் ஐ.டி. ஊழியர் ஒருவருக்கு, "இதையெல்லாம் சேர்த்து நாமே ஒரு ஆப் பண்ணா என்ன?" என்று தோன்றுகிறது என வைத்துக்கொள்வோம். தம்பூரா சுருதி, ஆதி தாளம், குழந்தை பாடுவது சுருதியில் நிற்கிறதா என்று காட்டும் ஒரு கோடு. மூன்று வார இறுதிகளில் ஆப் தயார். அவருடைய போனில் அருமையாக ஓடுகிறது. பாட்டு டீச்சரின் போனில் போட்டுக் காட்டுகிறார். ஐந்து நிமிடத்தில் பதில் வருகிறது: "என்னப்பா இது, தாளம் ஒரே சீரா விழலையே? ஒண்ணு முன்னாடி விழுது, ஒண்ணு இழுத்து விழுது. குழந்தைங்க தடுமாறுதுங்க."

அவர் போட்ட தாளக் கணக்கு சரிதான். பிழை, அவர் தேர்ந்தெடுத்த கருவியில். ஆடியோ ஆப் உருவாக்க இறங்கும் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஷாப்பிங் ஆப்புக்கும் சாட் ஆப்புக்கும் சரியாக இருக்கும் கருவி, ஒலிக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பட்டன் திறக்க கால் விநாடி தாமதமானால் கண் பொறுத்துக்கொள்ளும். தாளம் அதில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் காது பொறுக்காது.

முதல் கேள்வி: உங்கள் ஆப் எந்த ரகம்?

"எந்தக் கருவி பெஸ்ட்?" என்று தொடங்கினால் பதில் கிடைக்காது. "என் ஆப்பில் ஒலி என்ன வேலை செய்கிறது?" என்று தொடங்க வேண்டும். பெரும்பாலான ஆடியோ ஆப்கள் இந்த ஐந்தில் ஒன்றாகவோ, இவற்றின் கலவையாகவோ இருக்கும்.

• கேட்பதற்கு மட்டும்: பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம், பக்திப் பாடல், இணைய வானொலி. ப்ளே பட்டனை அழுத்தி அரை விநாடி கழித்து ஒலி வந்தால்கூட யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பஸ்ஸில் போகும்போது சிக்னல் போனாலும் தொடர வேண்டும், திரை அணைந்தாலும் ஓட வேண்டும், அழைப்பு வந்தால் நிற்க வேண்டும், விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

• நேரம் தவறாமல் ஒலிக்க: தாளம், மெட்ரோனோம், தம்பூரா. முதல் தட்டு கொஞ்சம் தாமதமாகத் தொடங்கினால் பரவாயில்லை. அதன் பிறகு ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி மாறவே கூடாது.

• தொட்டவுடன் ஒலிக்க: திரையில் வாசிக்கும் மிருதங்கம், வீணை, பியானோ. விரல் பட்டதற்கும் ஒலி வந்ததற்கும் நடுவில் உள்ள நேரம்தான் இங்கே எல்லாமே.

• பாடும்போதே கேட்க: கரோக்கி, குரலுக்கு எதிரொலி சேர்க்கும் ஆப். குரல் மைக்கில் நுழைந்து, செயலாக்கப்பட்டு, ஹெட்போனில் திரும்பி வர வேண்டும். போக வர இரண்டு பக்கத் தாமதமும் கூடும். ஐந்திலும் கடினமானது இதுதான்.

• பாடுவதை அளக்க: சுருதி காட்டும் ஆப், பயிற்சி ஆப். இங்கே வேகத்தைவிட அளவின் துல்லியம் முக்கியம்.

முதல் ரகத்துக்கு ஒரே நாளில் கருவியைத் தேர்ந்தெடுத்துவிடலாம். மற்ற நான்குக்கும் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

தாமதம்: கல்யாணப் பந்திக் கணக்கு

போன், ஒலியை ஒரே நீரோட்டமாக அனுப்புவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் அனுப்புகிறது. பல போன்களில் ஒரு விநாடி ஒலி என்பது 48,000 எண்கள். இவற்றை ‘சாம்பிள்’ என்பார்கள். சில நூறு சாம்பிள்களை ஒரு ‘பஃபர்’ ஆக்கி ஸ்பீக்கரிடம் கொடுப்பார்கள். ஒன்று தீர்வதற்குள் அடுத்தது வந்துவிட வேண்டும்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி எடுத்துவருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி பெரிதாக இருந்தால் அடிக்கடி சமையல்கட்டுக்கு ஓட வேண்டாம்; ஆனால் வாளி நிரம்பும்வரை பந்தி காத்திருக்க வேண்டும். வாளி சிறிதாக இருந்தால் சாம்பார் சுடச்சுட வரும். ஆனால் ஒரு நடை தாமதித்தாலும் இலையில் சாதம் காய்ந்துவிடும். ஒலியில் அந்தக் காய்ந்த நொடிதான் ‘டப்’ என்று கேட்கும் வெட்டு.

192 சாம்பிள் கொண்ட பஃபர் என்றால் வாளிக்கு 4 மில்லி விநாடி. அந்த 4 மில்லி விநாடிக்குள் அடுத்த வாளி நிரம்பவில்லை என்றால் வெட்டு நிச்சயம். அதனால்தான் ஒலியை நிரப்பும் குறியீட்டுக்குள் ஃபைலைப் படிக்கக் கூடாது, புதிதாக மெமரி கேட்கக் கூடாது, இன்னொரு வேலை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஜாவா, கோட்லின், டார்ட் போன்ற மொழிகள் அவ்வப்போது பழைய மெமரியைப் பெருக்கித் தள்ளும். அந்த இடைவேளை எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆடியோ இன்ஜின்களை இன்றும் சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதுவதற்குக் காரணம் பழைய பழக்கம் அல்ல, இந்த 4 மில்லி விநாடிதான்.

எவ்வளவு தாமதம் தாங்கும்? ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லி விநாடி ஆகிறது. மேடையில் பாடகருக்கும் மிருதங்கக் கலைஞருக்கும் நடுவே ஓரிரு மீட்டர்தான். அந்தத் தாமதம் யாருக்கும் தெரிவதில்லை. 100 மில்லி விநாடித் தாமதம் என்றால் கிட்டத்தட்ட 34 மீட்டர். மிருதங்கக் கலைஞர் மேடையில் இல்லாமல், சபா கேன்டீன் வாசலில் உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம்.

ஆண்ட்ராய்டுக்கு ஏன் இந்தக் கெட்ட பெயர்?

"மியூசிக் ஆப்னா ஐபோன்தான்" என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. ஐபோனை உருவாக்குவது ஒரே நிறுவனம், மாடல்களும் குறைவு. மேக் கணினிக்கு எழுதப்பட்ட ‘கோர் ஆடியோ’ அடித்தளம் தொடக்கத்திலிருந்தே ஐபோனுக்கும் கிடைத்தது. ஆண்ட்ராய்டிலோ நூற்றுக்கணக்கான மாடல்கள், வெவ்வேறு சிப்கள், ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்குச் சேர்க்கும் மாற்றங்கள். ஒலித் தாமதத்தைக் குறைக்கச் சொல்லி 2009-லேயே ஆண்ட்ராய்டின் குறைப் பட்டியலில் புகார் பதிவாகியது. ஆண்டுக்கணக்கில் டெவலப்பர்கள் அதன் கீழ் புலம்பித் தீர்த்தார்கள்.

ஆண்ட்ராய்டு 2.3 பதிப்பில் ‘ஓப்பன்எஸ்எல் இஎஸ்’ என்ற வழி திறந்தது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது ‘ஏஆடியோ’ என்ற புதிய வழி வந்தது. பழைய போனில் ஒன்று, புதிய போனில் இன்னொன்று என்று இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுவது பெரும் தலைவலி. அதைத் தீர்க்க 2018-ல் கூகுள் ‘ஓபோ’ என்ற இலவச லைப்ரரியை வெளியிட்டது. ஓப்போ போனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் நாதஸ்வரம்போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் ஐரோப்பியக் கருவியின் பெயர் அது. எந்தப் போனில் எந்த வழி சரி என்று ஓபோவே பார்த்துக்கொள்ளும்.

நிலைமை மாறியிருக்கிறது. அதிகம் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களின் சராசரித் தாமதம் 2017-ல் 109 மில்லி விநாடியாக இருந்தது; 2021-ல் 39-ஆகக் குறைந்தது என்று கூகுள் கூறியது. ஆனால் சராசரியை நம்பி இறங்க முடியாது. டீச்சர் கையில் இருப்பது ‘சராசரி போன்’ அல்ல, அவருடைய போன். தாமதம் மிகக் குறைந்த போன்களுக்கு ஆண்ட்ராய்டில் ‘புரோ ஆடியோ’ என்ற அடையாளம் உண்டு. அந்தப் போனில் போக வரத் தாமதம் சுமார் 20 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பொருள். உங்கள் ஆப் இயங்கும்போதே அந்த அடையாளம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இல்லாத போனில் கரோக்கி வசதியை மறைத்துவிடுவது, கொடுத்துவிட்டுத் திட்டு வாங்குவதைவிட நல்லது.

ப்ளூடூத் ஹெட்போன் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அதில் 100 முதல் 200 மில்லி விநாடிக்கு மேல்கூடத் தாமதம் கூடுவது சாதாரணம். எந்தக் கருவியாலும் அதை அடியோடு நீக்க முடியாது. "வயர் ஹெட்போன் பயன்படுத்துங்கள்" என்று ஒரு வரி காட்டுவதுதான் நேர்மையான தீர்வு.

தாளம்: கடிகாரத்தை நம்பாதே, சாம்பிளை எண்ணு

நம் கே.கே. நகர் நண்பரின் ஆப்பில் நடந்தது இதுதான். 750 மில்லி விநாடிக்கு ஒருமுறை ‘டக்’ ஒலியைப் போடு என்று ஒரு டைமர் வைத்திருந்தார். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் கணக்கு சரிதான். ஆனால் போனின் டைமர், "750 ஆனதும் எழுப்புகிறேன்" என்று சத்தியம் செய்வதில்லை. "750 ஆன பிறகு, எனக்கு ஒழியும்போது எழுப்புகிறேன்" என்றுதான் சொல்கிறது. வாட்ஸ்அப் மெசேஜ் ஒன்று வந்தால் 10 மில்லி விநாடி தள்ளும். திரை மாறினால் 30 தள்ளும்.

ஒரு தட்டின் பிழை அடுத்ததோடு சேரும்படி எழுதியிருந்தால் இன்னும் மோசம். தட்டுக்கு 5 மில்லி விநாடி தள்ளினால், 10 நிமிடத்தில் 800 தட்டுகளுக்கு 4 விநாடி. சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் பாடும்போது ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பதே சுமார் 187 மில்லி விநாடி. அதில் 30 பிசகினால் குழந்தை தடுமாறாமல் என்ன செய்யும்?

சரியான வழி: நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல், ஸ்பீக்கருக்குப் போகும் சாம்பிளை எண்ணுவது. விநாடிக்கு 48,000 சாம்பிள் என்றால் 750 மில்லி விநாடிக்கு 36,000. ஒவ்வொரு 36,000-ஆவது சாம்பிளிலும் ‘டக்’ ஒலியைக் கலந்துவிட்டால் போதும். போன் எவ்வளவு பிசியாக இருந்தாலும் இடைவெளி மாறாது. எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கருவி என்னைச் சாம்பிள் அளவில் எழுத விடுமா? அல்லது ‘இந்த ஃபைலை இப்போது வாசி’ என்று மட்டும்தான் சொல்ல முடியுமா? இரண்டாவது என்றால் தாளத்துக்கு ஆகாது.

தம்பூராவுக்கும் இதேபோல ஒரு கண்ணி உண்டு. எம்பி3 ஃபைலின் தலையிலும் வாலிலும், அதைச் சுருக்கும் முறை காரணமாக, துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். அதையே சுழற்றிச் சுழற்றி ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். சுழலும் ஒலிக்கு வேவ் ஃபைலே நல்லது.

இன்னொரு பிழை சுருதியையே மாற்றிவிடும். சிடி காலத்துப் பதிவுகள் விநாடிக்கு 44,100 சாம்பிள். அதை மாற்றாமல் 48,000 வேகத்தில் ஓட்டினால், 1 கட்டையில் பதிவான தம்பூரா, 1½ கட்டைக்கும் 2 கட்டைக்கும் நடுவில் எங்கேயோ போய் நிற்கும். எந்தச் சுருதியிலும் சேராத தம்பூரா! ஓபோ போன்ற கருவிகளில் இந்த மாற்றத்தைச் செய்துதரும் வசதி உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சுருதி: மேலைநாட்டுக் கருவியின் கண்

குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கும் வழிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2002-ல் வெளியான ‘யின்’ என்ற கணக்குமுறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அடிப்படை எளிது: ஒலி அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தன்னையே திரும்பச் செய்கிறது என்று பார்ப்பது. 1 கட்டையில் பாடும் ஆண் குரலின் மத்திய ஸட்ஜம் விநாடிக்குச் சுமார் 131 அதிர்வு. ஒரு அதிர்வுக்கு 7.6 மில்லி விநாடி. நம்பகமாக அளக்கக் குறைந்தது இரண்டு மூன்று அதிர்வுகளையாவது பார்க்க வேண்டும். அதனால் சுருதி காட்டும் கோடு 40, 50 மில்லி விநாடி பின்தங்கித்தான் வரும். அதில் தவறில்லை, கண்ணுக்கு அது உறுத்தாது.

சிக்கல் வேறு இடத்தில். பல ட்யூனர் லைப்ரரிகள், பன்னிரண்டு மேலைநாட்டு ஸ்வரங்களில் எதற்கு அருகில் இருக்கிறது என்றுதான் சொல்லும். நம் இசையில் ஸட்ஜம் என்பது பாடுபவரைப் பொறுத்தது. ஒருவருக்கு 1 கட்டை, இன்னொருவருக்கு 5½. அதோடு கமகம் இருக்கிறது. தோடி காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. நிற்காமல் அசைவதுதான் அதன் அழகு. "ஸ்வரம் கோட்டை விட்டு விலகினால் சிவப்பு" என்று எழுதிய ஆப், சரியாகப் பாடும் குழந்தைக்குத்தான் சிவப்புப் புள்ளி வைக்கும். அந்தக் குழந்தை கமகத்தை விட்டுவிட்டு, ஆப்புக்குப் பிடித்த மாதிரி நேர்கோட்டில் பாடக் கற்றுக்கொண்டால், நஷ்டம் யாருக்கு?

இந்தப் பிரச்சினையில் நமக்கு அருகிலேயே வேலை நடந்திருக்கிறது. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் உள்ள பொம்பியூ ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் சேவியர் செர்ரா தலைமையில் 2011-ல் ‘காம்ப்மியூசிக்’ என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கியது. மேலைநாட்டு இசையை மனதில் வைத்து எழுதப்பட்ட கணக்குமுறைகள், உலகின் மற்ற இசை மரபுகளுக்குப் பொருந்தாமல் போவதுதான் அதன் தொடக்கப் புள்ளி. கர்நாடக இசையும் அதில் ஒன்று, சென்னை ஐ.ஐ.டி.யின் கணினித் துறைப் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு அதில் பங்கேற்றது. பாடுபவரின் ஆதார ஸட்ஜத்தைக் கணினியே கண்டுபிடிப்பது, ராகத்தின் சாயலை அடையாளம் காண்பது போன்றவை ஆராயப்பட்டன. அந்த ஆய்வு வட்டத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கிய மியூசிக்முனி லேப்ஸ் உருவாக்கியதுதான் ‘ரியாஸ்’ என்ற பாட்டுப் பயிற்சி ஆப். பார்சிலோனா குழுவின் ‘எசென்ஷியா’ என்ற ஒலி ஆய்வு லைப்ரரி எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் ட்யூனர் லைப்ரரிக்குப் போகும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

மைக்கிலும் ஒரு பொறி உண்டு. போன் மைக், பேச்சுக்காகத் தயாரானது. மின்விசிறிச் சத்தம்போல மாறாமல் ஒலிப்பதை எல்லாம் ‘இரைச்சல்’ என்று நினைத்து அமுக்கிவிடும். தம்பூராவும் மாறாமல் ஒலிப்பதுதானே! கொரோனா காலத்தில் வீடியோ காலில் பாட்டு வகுப்பு எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: நீட்டிப் பிடித்த ஸ்வரம் நடுவில் காணாமல் போய்விடும். ஆண்ட்ராய்டில் ‘செயலாக்கம் வேண்டாம்’ என்று கேட்டு மைக்கைத் திறக்கலாம். ஐபோனில் ‘அளவீட்டு முறை’ என்று ஒன்று உண்டு. நீங்கள் தேர்ந்தெடுக்கும் கருவி இந்த அமைப்பைத் தொட விடுகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி?

• பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம்: ஆண்ட்ராய்டில் கூகுளின் மீடியா3, எக்ஸோபிளேயர் இப்போது இதற்குள்தான் இருக்கிறது. ஐபோனில் ஆப்பிளின் ஏவி பிளேயர். இரண்டுக்கும் ஒரே குறியீடு வேண்டுமென்றால் ஃப்ளட்டரில் ‘ஜஸ்ட் ஆடியோ’. சி பிளஸ் பிளஸ் பக்கமே போக வேண்டாம்.

• தாளம், தம்பூரா, திரை வாத்தியம்: ஆண்ட்ராய்டில் ஓபோ, ஐபோனில் ஏவி ஆடியோ இன்ஜின் அல்லது கோர் ஆடியோ. ஒலி இன்ஜினைச் சி பிளஸ் பிளஸில் ஒருமுறை எழுதினால் இரண்டிலும் ஓட்டலாம்.

• பெரிய இசை ஆப், கணினியிலும் ஓட வேண்டும்: ஜூஸ். ஜூலியன் ஸ்டோரர் உருவாக்கி 2004-ல் வெளியான இந்தக் கட்டமைப்பு, உலகெங்கும் ஸ்டுடியோ மென்பொருள் எழுதுபவர்களின் முதல் தேர்வுகளில் ஒன்று. சின்ன தாள ஆப்புக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி.

• இசை தெரியும், சி பிளஸ் பிளஸ் தெரியாது: மில்லர் பக்கெட் உருவாக்கிய ‘பியூர் டேட்டா’. கட்டங்களை வரைந்து கோடு போட்டு இணைத்தே ஒலியை உருவாக்கலாம். அதை ஆப்புக்குள் வைக்க ‘லிப்பிடி’ உதவும். பிரான்ஸின் ‘ஃபவுஸ்ட்’ மொழியில் சில வரிகள் எழுதினால், அதையே சி பிளஸ் பிளஸாக மாற்றித் தரும்.

• விளையாட்டு ஆப்: எஃப்மாட், வைஸ் போன்ற கேம் ஆடியோ இன்ஜின்கள்.

ஃப்ளட்டரா, நேட்டிவா?

சென்னை ஐ.டி. வட்டாரத்தில் ஓயாத விவாதம் இது. ஆடியோ ஆப்பைப் பொறுத்தவரை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். திரை, பட்டன், பட்டியல், கட்டணம் எல்லாம் ஃப்ளட்டரிலோ ரியாக்ட் நேட்டிவிலோ இருக்கட்டும். ஒலி இன்ஜின் மட்டும் கீழே சி பிளஸ் பிளஸில் ஓடட்டும். மேலிருந்து "வேகம் 80", "சுருதி 5 கட்டை", "தொடங்கு" என்று கட்டளை மட்டும் போனால் போதும். சபாவில் அறிவிப்பாளரும் மிருதங்கக் கலைஞரும் வேறு வேறு ஆட்கள்தானே!

ஒரு எச்சரிக்கை: கருவி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைக்கும் புதிய ஆப்களும் அப்டேட்களும் 16 கேபி மெமரிப் பக்கத்தை ஆதரிக்க வேண்டும் என்ற விதியை 2025 நவம்பர் முதல் கூகுள் ப்ளே கொண்டுவந்தது. சி பிளஸ் பிளஸ் லைப்ரரி வைத்திருக்கும் ஆப்களைத்தான் இது நேரடியாகத் தொடுகிறது. கடைசி அப்டேட் நான்கு ஆண்டுகளுக்கு முன் என்று இருக்கும் லைப்ரரியை நம்பி இறங்கினால், இப்படி ஒரு விதி வரும்போது கைவிடப்பட்ட வேலை உங்கள் தலையில் விழும்.

‘ஃப்ரீ’ன்னா ஃப்ரீதானே?

இல்லை. ஓபோ, லிப்பிடி போன்றவற்றின் லைசென்ஸ் தாராளமானது. விற்கும் ஆப்பிலும் தயங்காமல் பயன்படுத்தலாம். எசென்ஷியா ‘ஏஜிபிஎல்’ வகை. அதைச் சேர்த்தால் உங்கள் ஆப்பின் மூலக் குறியீட்டையும் திறந்துவிட வேண்டும், அல்லது தனியாக வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும். ஜூஸும் அப்படித்தான், குறிப்பிட்ட வருமான வரம்புவரை அதில் இலவச வழி உண்டு.

இதில் அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும்? புகழ்பெற்ற விஎல்சி பிளேயர் 2011 ஜனவரியில் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. அதை எழுதியவர்களில் ஒருவரே, ஸ்டோர் விதிகள் ‘ஜிபிஎல்’ லைசென்ஸுக்கு ஒத்துவரவில்லை என்று புகார் கொடுத்திருந்தார். லைசென்ஸை மாற்றி, 2013-ல்தான் திரும்ப வந்தது.

ஒலிப்பதிவுகளுக்கும் உரிமை உண்டு. தியாகராஜரின் கீர்த்தனை பொதுச் சொத்து. அதை யாரோ பாடிய பதிவு அப்படியல்ல. இந்தியச் சட்டப்படி வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் அதற்குப் பாதுகாப்பு. மிருதங்க ஒலி வேண்டுமா? யூடியூபில் வெட்டி எடுக்காமல், ஒரு கலைஞருக்குப் பணம் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிப் பதிவு செய்யுங்கள். சாலிகிராமம், வடபழனி ஸ்டுடியோக்கள் கே.கே. நகரிலிருந்து ஆட்டோ தூரம்தானே.

கையிருப்புக் கணக்கு: கூகுள் ப்ளேவில் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். சிறிய டெவலப்பர்களிடம் இரண்டு நிறுவனங்களும் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன.

குழந்தையின் குரல் எங்கே போகிறது?

பாட்டு ஆப்பைப் பயன்படுத்துபவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அடையாளம் காணத்தக்க குரல் பதிவும் தனிநபர் தரவுதான். சர்வருக்கு அனுப்பி அலசும் கருவியைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பொறுப்பு மொத்தமும் உங்கள் மேல். போனுக்குள்ளேயே கணக்குப் போடும் கருவி என்றால் குரல் போனை விட்டு வெளியே போவதே இல்லை. சுருதி பார்க்க இன்றைய சாதாரண போனின் வேகமே போதும். இன்டர்நெட் செலவும் இல்லை, தாமதமும் இல்லை.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் சோதனை

முழு ஆப்பையும் எழுதிவிட்டுப் பிறகு பார்க்காமல், முதல் நாளே ஒரு வெற்று ஆப் செய்து இவற்றைச் சோதியுங்கள்.

• ஒரு பட்டன், ஒரு ‘பீப்’. விரலால் திரையைச் சத்தம் வரத் தட்டுங்கள். இன்னொரு போனில் அதைப் பதிவு செய்து, இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்தால், தட்டின் சத்தத்துக்கும் பீப்புக்கும் நடுவில் எத்தனை மில்லி விநாடி என்று கண்ணால் பார்க்கலாம்.

• 10 நிமிடம் தாளம் ஓடட்டும். திரையை அணையுங்கள், மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். பதிவு செய்து இடைவெளிகளை அளவிடுங்கள்.

• நடுவில் போன் செய்து பாருங்கள். அழைப்பு முடிந்ததும் ஒலி திரும்புகிறதா?

• ப்ளூடூத்தில் ஒருமுறை, வயரில் ஒருமுறை.

• உங்கள் போனில் மட்டும் சோதிக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பழைய போன், நண்பரின் பட்ஜெட் போன் என ஐந்து போன்களிலாவது பாருங்கள். புதிய தனிநபர் கணக்குகளிடம், வெளியிடும் முன் 12 பேரை வைத்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்று எப்படியும் கூகுள் ப்ளே கேட்கிறது. அந்த 12 பேரில் பாட்டு வகுப்புப் பெற்றோரும் இருக்கட்டும்.

நம் கே.கே. நகர் நண்பர் மூன்று வார இறுதிகளில் எழுதியது முழுவதும் வீணில்லை. ஃப்ளட்டர் திரைகள் அப்படியே இருக்கலாம். டைமரை எடுத்துவிட்டு, சாம்பிளை எண்ணும் சின்ன இன்ஜின் ஒன்றை ஓபோ மேல் எழுத வேண்டும். அதையே ஐபோனில் கோர் ஆடியோவோடு இணைக்க வேண்டும். சிவப்புப் புள்ளியை எடுத்துவிட்டு, குரல் போகும் பாதையை வெறும் கோடாகக் காட்டி, சரி தவறு சொல்லும் வேலையை டீச்சரிடமே விட்டுவிடலாம். இன்னும் இரண்டு மூன்று வார இறுதிகள் ஆகும். முடிந்ததும் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய போன், டீச்சருடையது.